இந்த வரிய யாரு போட்டா, ஏன் போட்டா: ப்ளேம், பிக்ஆக்ஸ், பைசெக்ட், எதுல தேடுறது?

போன வருஷம் டீம்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தன் ஸ்க்ரீன காமிச்சு "அண்ணா, இந்த ரீட்டைம்அவுட் ஏன் 37னு இருக்கு, 60 ஆக்கிடவா"ன்னு கேட்டான். ரீட்டைம்அவுட்னா பதில் வர எத்தன செகண்ட் காத்திருக்கிறதுங்கிற கணக்கு. 30 இல்ல, 60 இல்ல, 37. இப்படி ஒரு கோணல் நம்பர் கோட்ல உக்காந்திருந்தா ஒண்ணு யாரோ நல்லா அடிபட்டுட்டு போட்டிருக்கணும், இல்ல சும்மா கைக்கு வந்தத போட்டிருக்கணும், ரெண்டுல எதுன்னு தெரியாம கைய வெக்காதன்னு சொல்லிட்டு நானே தேட உக்காந்தேன். பத்து நிமிஷ வேலைன்னு நெனச்சது அரை நாள இழுத்துடுச்சு. வேலை கஷ்டம்னு இல்ல, தப்பான எடத்துல ஆரம்பிச்சேன், அவ்ளோதான். அதனால ஒரு வரியோட பூர்வீகத்த தேட கிட்ல (கோட்ல நடக்கிற மாத்தத்தயெல்லாம் பதிஞ்சு வெக்கிற டூல், அப்படி பதிஞ்ச ஒவ்வொரு மாத்தமும் ஒரு கமிட்) என்னென்ன வழி இருக்கு, எது எப்ப கைகொடுக்கும், எது எப்ப நம்மள முட்டாளாக்கும்னு இந்த 37ஐயே வெச்சு சொல்றேன்.

முதல்ல ஒண்ணு. நம்ம மனசுல இருக்கிற கேள்வி என்னன்னு பாக்காமலே நெறைய பேர் கிட்ல ப்ளேம்ங்கிற கமாண்ட அடிச்சிடுறோம். "இந்த வரிய கடைசியா யாரு தொட்டா", "இந்த வரி முதல் தடவ எப்ப வந்துச்சு", "இந்த ஃபங்ஷன் எப்படி எப்படி மாறி வந்துச்சு", "இந்த பக் எந்த கமிட்ல புகுந்துச்சு", "இங்க இருந்த வரி எங்க போச்சு". இது அஞ்சும் அஞ்சு வேற கேள்வி. ப்ளேம் பதில் சொல்றது முதல் கேள்விக்கு மட்டும்தான், ஆனா நமக்கு பெரும்பாலும் வேண்டியது ரெண்டாவது, இன்னும் சரியா சொன்னா ரெண்டாவதுக்கு பின்னாடி இருக்கிற "ஏன்".

சரி, ப்ளேம்ல இருந்தே வரேன், எல்லாரும் அங்கதான ஆரம்பிக்கிறோம். ஃபைல் பேர குடுத்தா ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு கமிட் நம்பர், ஒரு பேர், ஒரு தேதி. எடிட்டர்லயே வரி ஓரத்துல மங்கலா காட்டுற எக்ஸ்டென்ஷன் இருக்கு, கிட்ஹப்ல ஒரு பட்டன். இதவிட சுலபம் எதுவும் கிடையாது, அதான் இதோட ஆபத்தும். (பேரே பாருங்க, ப்ளேம். சப்வெர்ஷன்னு கிட் மாதிரியே இன்னொரு டூல், அதுல இதே கமாண்டுக்கு ப்ரெய்ஸ்னு இன்னொரு பேரும் உண்டு, ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும். ப்ரெய்ஸ்னு அடிச்சவன் யாரையும் நான் பாத்ததில்ல.) என் 37க்கு ப்ளேம் அடிச்சா வந்தது ஒரு ஃபார்மேட்டர் (கோட்டோட தோற்றத்த மட்டும் ஒழுங்குபடுத்துற டூல்) கமிட். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு சாயங்காலம் மொத்த ரெப்போவையும் (ப்ராஜெக்ட்டோட கோடும் ஹிஸ்டரியும் இருக்கிற கிடங்கு) ஃபார்மேட்டர்ல போட்டு எடுத்திருக்கான், சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் ஸ்பேஸ் விட்டிருக்கு, அதனால ஊர்ப்பட்ட ஃபைல்ல ஊர்ப்பட்ட வரிக்கு இப்ப அவன்தான் சொந்தக்காரன். அவன்கிட்ட போய் ஏன் 37னு கேட்டா பாவம் அவன் என்ன சொல்லுவான்.

இங்க ப்ளேமுக்கு சில ஆப்ஷன் இருக்கு, பலபேர் தொடுறதே இல்ல. சின்ன டபிள்யூ போட்டா ஸ்பேஸ் மாத்தம் எதையும் கணக்குல எடுத்துக்காது. அது போட்டதும் என்னோட ஃபார்மேட்டர் கமிட் மறைஞ்சு அதுக்கு முந்தின ஒரு கமிட் வந்துச்சு, "யுட்டில்ஸ் ஃபைல நாலா பிரிச்சேன்"னு மெசேஜ். அதாவது இந்த வரி முன்னாடி வேற ஒரு ஃபைல்ல இருந்திருக்கு, ஒருத்தர் தூக்கி இங்க வெச்சிருக்கார். மறுபடியும் தப்பான ஆள். இதுக்கு பெரிய எம், பெரிய சி. எம் போட்டா ஒரே ஃபைலுக்குள்ள இடம் மாறின வரிகள கண்டுபிடிக்கும், சி போட்டா வேற ஃபைல்ல இருந்து வந்ததையும் பாக்கும். சி-ல ஒரு சூட்சுமம் இருக்கு. ஒரு தடவ போட்டா அந்த கமிட்ல சேந்து மாறின ஃபைல்கள மட்டும் பாக்கும், ரெண்டு தடவ போட்டா இந்த ஃபைல் பொறந்த கமிட்ல மத்த எல்லா ஃபைலயும் பாக்கும், மூணு தடவ போட்டா எந்த கமிட்டா இருந்தாலும் மத்த ஃபைல்ல தேடும். எங்க ஆள் என்ன பண்ணிருந்தார்னா ஒரு கமிட்ல காப்பி பண்ணி புது ஃபைல் போட்டுட்டு, பழைய ஃபைல்ல இருந்து அழிக்கிறத அடுத்த கமிட்ல பண்ணிருந்தார். அதனால ஒரு சி போட்டப்ப ஒண்ணும் கிடைக்கல, ரெண்டு சி போட்டப்பதான் பழைய யுட்டில்ஸ் ஃபைலுக்கு போச்சு. இது தெரியாம ஒரு சி-யோட நிறுத்தி, இல்லயே, இங்கதான் பொறந்திருக்குன்னு முடிவு பண்ணிட்டு போறவங்கதான் அதிகம், நானும் அப்படித்தான் பல வருஷம் இருந்தேன்.

இன்னொன்னு, எம் சி ரெண்டுக்கும் ஒரு கீழ் அளவு இருக்கு. எம்முக்கு 20 எழுத்து, சி-க்கு 40 எழுத்து, அதுவும் எழுத்தும் எண்ணும் மட்டும்தான் கணக்கு, அடைப்புக்குறி கமா எல்லாம் சேராது. அதுக்கு கீழ இருக்கிற துண்டு இடம் மாறினா காப்பின்னு ஒத்துக்காது, இல்லன்னா எல்லா ஃபைல்லயும் இருக்கிற மூடுற அடைப்புக்குறிய எல்லாம் எங்கிருந்தோ வந்ததா சொல்லிடும்ல. தனியா ஒத்த வரி மட்டும் நகந்திருந்தா அந்த அளவ நாமளே கொறச்சு குடுக்கலாம், சி-க்கு பக்கத்துலயே நம்பர் போட்டா போதும். மூணு சி போட்டு பழைய பெரிய ரெப்போல ஓட்டுனா நேரம் நல்லா எடுக்கும், அது ஓடட்டும்னு விட்டுட்டு வேற வேலைய பாக்க வேண்டியதுதான்.

ஃபார்மேட்டர் தொல்லைக்கு மட்டும் டபிள்யூ போதாது, ஏன்னா ஒத்த மேற்கோள இரட்டை மேற்கோள் ஆக்குறது, நீளமான வரிய மூணா ஒடைக்கிறது எல்லாம் வெறும் ஸ்பேஸ் மாத்தம் கிடையாது. அதுக்கு 2019ல வந்த கிட் 2.23ல இக்னோர்-ரெவ்னு ஒண்ணு சேத்தாங்க, இந்த கமிட்ட கண்டுக்காம தாண்டிப் போன்னு சொல்றது. அந்த கமிட் நம்பரெல்லாம் ஒரு ஃபைல்ல எழுதி ரெப்போலயே வெச்சிட்டா டீம் மொத்தத்துக்கும் ஆச்சு. ஒரு எச்சரிக்கை: ஆர்வத்துல அந்த ஃபைல் பேர உங்க குளோபல் கான்ஃபிக்ல போட்டு வெச்சிட்டீங்கன்னா, அந்த ஃபைல் இல்லாத ரெப்போல எல்லாம் ப்ளேம் எரர் அடிச்சு நிக்கும். ரெப்போக்கு ரெப்போ தனியா போடுங்க.

ப்ளேம கையால பின்னாடி பின்னாடி நடத்தியும் போகலாம். வந்த கமிட்டோட பேரன்ட்ல, அதாவது அதுக்கு முந்தின கமிட்ல நின்னு மறுபடி ப்ளேம், அங்கிருந்து மறுபடி. டிக்னு ஒரு டெர்மினல் டூல் இருக்கு, அதோட ப்ளேம் வியூல கமா கீய தட்டினா அந்த வரிக்கு முந்தின கமிட்டுக்கு போகும், கிட்ஹப்லயும் "இந்த மாத்தத்துக்கு முன்னாடி"ன்னு ஒரு குட்டி ஐகான் இருக்கு. மூணு நாலு படி வரைக்கும் இது சுகமாத்தான் இருக்கும். பத்து படி போனா எங்க நிக்கிறோம்னே மறந்துடும்.

இப்ப பிக்ஆக்ஸ். கமிட் பட்டியல காட்டுற கிட் லாக் கமாண்ட்ல பெரிய எஸ் போட்டு ஒரு எழுத்துத்தொடர குடுக்கிறது. என்ன கேட்டா, வரி என்னன்னு கைல இருந்தா ப்ளேமுக்கு முன்னாடி இதத்தான் அடிக்கணும், அன்னைக்கு நான் பண்ணாம விட்டது இதத்தான். இது எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கிட்டா போதும்: ஒரு கமிட்டுக்கு முன்னாடி ஒரு ஃபைல்ல அந்த தொடர் எத்தன தடவ இருந்துச்சு, கமிட்டுக்கு அப்புறம் எத்தன தடவ இருக்கு, ரெண்டும் வேற வேறன்னா அந்த கமிட்ட காட்டும். அவ்ளோதான். அதனால வரி பொறந்த கமிட், செத்த கமிட், வேற ஃபைலுக்கு குடிபோன கமிட் எல்லாம் ஒரே ஓட்டத்துல வந்து விழும், ஒவ்வொரு படியா நடக்க வேண்டியதே இல்ல. அதே ஃபைலுக்குள்ள மேல இருந்து கீழ நகந்திருந்தா எண்ணிக்கை மாறாது, அதனால காட்டாது, நமக்கும் அது வேண்டாம்தான்.

ஆனா இதுலயும் நான் ஒரு குழில விழுந்தேன். "ரீட்டைம்அவுட் = 37"னு ஸ்க்ரீன்ல இருந்தத அப்படியே காப்பி பண்ணி போட்டேன், வந்தது ஒரே ஒரு கமிட், எதுன்னு நினைக்கிறீங்க, அதே ஃபார்மேட்டர் கமிட்! ஏன்னா அதுக்கு முன்னாடி சமக்குறிக்கு பக்கத்துல ஸ்பேஸ் கிடையாது, ஸ்பேஸோட இருக்கிற தொடர் முதல்முதலா பொறந்தது அந்த கமிட்லதான், கிட் சொன்னது நூத்துக்கு நூறு சரி, நான் கேட்டதுதான் தப்பு. அப்புறம் பிக்ஆக்ஸ்-ரெஜெக்ஸ்னு ஆப்ஷன் போட்டு, ஸ்பேஸ் இருந்தாலும் இல்லாட்டியும் பரவால்லன்னு பேட்டர்ன் குடுத்தேன். மூணு கமிட் வந்துச்சு. புது ஃபைல்ல காப்பி ஆனது, பழைய ஃபைல்ல அழிஞ்சது, அதுக்கும் கீழ ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு கமிட், அதுல 30 போயி 37 வந்திருக்கு. ஃபார்மேட்டர் கமிட் லிஸ்ட்லயே இல்ல. ப்ளேம்ல டபிள்யூ, ஒரு சி, ரெண்டு சின்னு தட்டுத்தடுமாறி போன இடத்துக்கு ஒரே கமாண்ட்ல வந்து நின்னேன்.

பிக்ஆக்ஸ்ல பண்ணக்கூடாதது இன்னும் ரெண்டு மூணு இருக்கு. கடைசில ஃபைல் பேர குடுத்து தேடலை சுருக்காதீங்க, சுருக்கினா அந்த ஃபைல் பொறந்த இடத்தோட கதை முடிஞ்சிடும், பழைய யுட்டில்ஸ் ஃபைல அது எட்டியே பாக்காது. வேகம் வேணும்னா ஃபோல்டர் அளவுல சுருக்குங்க. அப்புறம், பழசு முதல்ல வரட்டும்னு ரிவர்ஸ் போட்டு கூடவே ஒண்ணு போதும்னு மைனஸ் 1 போடுவோம் பாருங்க, கிட் முதல்ல ஒண்ண எடுத்துட்டு அப்புறம்தான் திருப்பும், அதாவது நமக்கு கிடைக்கிறது பழசு இல்ல, இருக்கிறதுலயே புதுசு. இத நம்பி ஒருத்தர் "இதான் மூல கமிட்"னு மீட்டிங்ல காமிச்சத நான் கண்ணால பாத்திருக்கேன். மூணாவது மெர்ஜ். ரெண்டு ப்ராஞ்ச ஒண்ணா சேக்கிறதுதான் மெர்ஜ். கிட் லாக் சாதாரணமா மெர்ஜ் கமிட்டோட டிஃப (எந்த வரி சேந்துச்சு, எது போச்சுங்கிற வித்தியாசம்) பாக்காது, கான்ஃப்ளிக்ட் சரிபண்றப்ப கையோட ஒரு வரிய யாராவது நுழைச்சிருந்தா பிக்ஆக்ஸ் கண்ணுல படாது. "எங்கயும் சேக்கல, ஆனா கோட்ல இருக்கு"ன்னு மாய மந்திரமா தெரிஞ்சா சின்ன எம் போட்டு மெர்ஜையும் பிரிச்சு பாக்க சொல்லுங்க. ப்ளேம் இந்த விஷயத்துல நேர்மை, மெர்ஜ்லதான் வந்துச்சுன்னா மெர்ஜயே காட்டிடும்.

எஸ்ஸுக்கு ஒரு தம்பி உண்டு, பெரிய ஜி. இது எண்ணிக்கை எல்லாம் பாக்காது, டிஃப்ல சேந்த வரியோ போன வரியோ பேட்டர்னுக்கு ஒத்துப்போனா காட்டிடும். ஒரு ஃபங்ஷன கூப்பிடுற வரில ரெண்டாவது ஆர்கியூமென்ட் மட்டும் மாறிருக்குன்னு வைங்க, ஃபங்ஷன் பேர எஸ்ல குடுத்தா எண்ணிக்கை மாறலன்னு விட்டுடும், ஜில குடுத்தா புடிச்சிடும். பொறப்பு இறப்புக்கு எஸ், நடுவுல நடந்த எல்லாத்துக்கும் ஜி. ஜில சத்தம் ஜாஸ்தி, அதனால அடுத்து வர்ற வழி பெரும்பாலும் அதவிட மேல்.

அது கிட் லாக்ல பெரிய எல். 2013ல கிட் 1.8.4ல வந்தது, இன்னும் பாதி பேருக்கு இருக்கிறதே தெரியாது. எத்தனாவது வரில இருந்து எத்தனாவது வரி வரைக்கும்னு குடுத்தா, இல்ல ஃபங்ஷன் பேர குடுத்தா, அந்த துண்டு மட்டும் காலங்காலமா எப்படி மாறி வந்துச்சுன்னு டிஃப் டிஃப்பா காட்டும், சுத்தி இருக்கிற மத்த எதுவும் வராது. கதை படிக்கிற மாதிரி இருக்கும், "முதல்ல ரீட்ரை இல்ல, அப்புறம் ஒருத்தர் போட்டார், அடுத்த வாரமே இன்னொருத்தர் மூணு தடவைக்கு மேல வேண்டாம்னார்". ஒரு ஃபங்ஷன புரிஞ்சுக்கணும், திருத்தி எழுதப் போறேன்னா நான் வேற எதையும் தொடமாட்டேன், இதான். குறை என்னன்னா ஃபைல் மொத்தமா பேர் மாறினா தொடர்ந்து போகும், ஆனா ஒரு ஃபைல்ல இருந்து இன்னொரு ஃபைலுக்கு ஃபங்ஷன் மட்டும் நகந்திருந்தா அந்த கமிட்ல நின்னுடும். அப்புறம் ஃபங்ஷன் பேர் குடுக்கிறது சில மொழில வேலை செய்யல, வேலை செய்யலன்னு புலம்புவாங்க. கிட்டுக்கு உங்க மொழி தெரியாது, சாதாரணமா இடது ஓரத்துல ஒட்டி ஆரம்பிக்கிற வரிகளத்தான் ஃபங்ஷன் தலைப்புன்னு எடுத்துக்கும், க்ளாஸுக்குள்ள தள்ளி எழுதின மெத்தட் அதுக்கு தெரியாது. கிட்ஆட்ரிபியூட்ஸ் ஃபைல்ல இந்த எக்ஸ்டென்ஷன் பைத்தான், இது ஜாவான்னு ஒரு வரி எழுதி வெச்சா சரியாகிடும். இல்லாட்டி வரி நம்பரே குடுங்க, அது எப்பவும் வேலை செய்யும்.

இது வரைக்கும் சொன்னது எல்லாம் எந்த வரின்னு தெரிஞ்சா மட்டும். வரியே தெரியாது, போன மாச ரிலீஸ்ல ஒழுங்கா இருந்துச்சு இப்ப ரிப்போர்ட்ல கடைசி வரி காணோம்னு வந்து நின்னா ப்ளேமும் பிக்ஆக்ஸும் என்னத்த பண்ணும்? அங்க பைசெக்ட். நல்லா இருந்த ஒரு கமிட், கெட்டுப்போன ஒரு கமிட், நடுவுல பாதில கொண்டு போய் நிறுத்தும், ஓட்டிப்பாத்து நல்லது கெட்டது சொல்லணும், மறுபடி பாதி. 1000 கமிட் இருந்தா பத்து தடவ, பத்து லட்சம் இருந்தாலும் இருபது தடவதான். ஒரு ஸ்க்ரிப்ட் எழுதி பைசெக்ட் ரன்னுன்னு குடுத்துட்டா தானே ஓட்டிக்கும், ஸ்க்ரிப்ட் 0 திருப்பினா நல்ல கமிட், 125 திருப்பினா இந்த கமிட்ட விடு சோதிக்க முடியலன்னு அர்த்தம், 127 வரைக்கும் மத்ததெல்லாம் கெட்டது. பில்டே ஆகாத கமிட்டுக்கு 125 குடுக்க மறந்தீங்கன்னா சம்பந்தமே இல்லாத ஒருத்தர் தலைல பழி விழும், ஜாக்கிரதை. மத்த டூலெல்லாம் எழுத்த பாக்குது, பைசெக்ட் நடத்தைய பாக்குது. அதனால காரணம் கோட்ல இல்லாம லைப்ரரி வெர்ஷன்கள பூட்டி வெக்கிற ஃபைல்ல ஏதோ ஒரு வெர்ஷன் மாறினதுல இருந்தா கூட புடிச்சிடும், அது கமிட்ல இருக்கணும், அவ்ளோதான். ஆனா விலையும் ஜாஸ்தி, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் பில்ட் பண்ணணும், டெஸ்ட் நம்பகமா இருக்கணும், அஞ்சுல ஒரு தடவ சும்மா ஃபெயில் ஆகுற டெஸ்ட்ட வெச்சு பைசெக்ட் பண்றதுக்கு சும்மா இருக்கலாம். எங்க 37க்கு இது தேவையே படல.

காணாமப் போன வரி தனிக்கதை. இப்ப ஃபைல்ல இல்லாத ஒண்ணுக்கு ப்ளேம் எப்படி அடிப்பீங்க? ப்ளேம்ல ரிவர்ஸ்னு ஒண்ணு இருக்கு, பழைய கமிட்ல இருந்து முன்னோக்கி வந்து ஒவ்வொரு வரியும் கடைசியா எந்த கமிட் வரைக்கும் உயிரோட இருந்துச்சுன்னு சொல்லும், அழிச்சது அதுக்கு அடுத்தது, அத நாமதான் தேடிக்கணும். எனக்கு இது எப்பவும் சுத்தி வளைச்ச வேலையாத்தான் படும். வரி ஞாபகம் இருந்தா எஸ் போட்டு தேடுறது நேர்வழி. அழிஞ்ச வரிய தேடுறது முக்கியமான்னு கேப்பீங்க. 2006ல டெபியன் லினக்ஸோட ஓப்பன்எஸ்எஸ்எல் (ரகசிய சாவி உருவாக்குற, தகவல மறைகுறியாக்குற லைப்ரரி) பேக்கேஜ்ல, மெமரி செக் பண்ற டூல் வார்னிங் குடுக்குதுன்னு ஒரே மாதிரி இருந்த ரெண்டு வரிய எடுத்தாங்க, அதுல ஒண்ணுதான் ரேண்டம் நம்பருக்கு தேவையான சேர்மானத்த உள்ள தள்ளிட்டிருந்த வரி. அதுக்கப்புறம் சாவி உருவாக்குறப்ப மாறுறதுன்னு இருந்தது ப்ராசஸ் நம்பர் மட்டும்தான், அது மொத்தமே 32,768. 2008 மே மாசம் வெளிய வந்து ஊர் உலகமெல்லாம் சாவிய மாத்த வேண்டியதாச்சு. வரி ஏன் இருக்குன்னு தெரியாம எடுத்தா என்ன ஆகும்னு தம்பிக்கு நான் சொன்ன கதை இதான், பயந்துட்டான், 37க்கு இவ்ளோ பயம் தேவையில்லதான்.

சரி, எந்த டூல் எடுத்தாலும் ஹிஸ்டரியே ஒழுங்கா இல்லன்னா ஒண்ணும் நடக்காது, இத பத்தி யாரும் பேசுறதில்ல. தானா பில்டும் டெஸ்ட்டும் ஓட்டுற சிஐ மெஷின்ல, இல்ல அவசரத்துக்கு நம்ம மெஷின்லயே டெப்த் 1 போட்டு, அதாவது கடைசி கமிட்ட மட்டும் இழுத்து க்ளோன் பண்ணிருப்போம், அதுல ப்ளேம் அடிச்சா மொத்த ஃபைலும் நேத்து ராத்திரி ஒரே ஆள் எழுதின மாதிரி காட்டும். கமிட் நம்பருக்கு முன்னாடி ஒரு கூரைக்குறி மாதிரி ஒண்ணு நிக்கும் பாருங்க, அது "எனக்கு இதுக்கு மேல தெரியாது, இதான் எல்லை"ன்னு அர்த்தம். அன்ஷேலோ பண்ணி முழு ஹிஸ்டரிய இழுத்துட்டு அப்புறம் தேடுங்க. ஸ்குவாஷ் மெர்ஜ் பண்ற டீம்ல முப்பது கமிட் ஒண்ணாகி வரும், வரிக்கு தனி காரணம் தொலைஞ்சு போகும், ஆனா மெசேஜ்ல புல் ரிக்வஸ்ட் (மாத்தத்த சேத்துக்கோங்கன்னு டீம்கிட்ட கேக்குற பக்கம்) நம்பர் இருக்கும், அத புடிச்சு போனா பேச்சுவார்த்தை கிடைக்கும். என்ன பொறுத்தவரைக்கும் கமிட்ட கண்டுபிடிக்கிறது பாதி வேலைதான், மீதி அந்த நம்பர்ல இருக்கு. லினக்ஸ் கெர்னல் ஆளுங்க இத ஒரு ஒழுக்கமாவே வெச்சிருக்காங்க, பழைய தப்ப சரிபண்ற கமிட்ல "ஃபிக்ஸஸ்"னு போட்டு எந்த கமிட்ல தப்பு நுழைஞ்சுதுன்னு அதோட நம்பர் 12 எழுத்தாவது எழுதணும்.

அந்த கெர்னல்லயே ஒரு சுவர் இருக்கு. ரொம்ப பழைய வரிகளுக்கு ப்ளேம் அடிச்சா எல்லாம் 2005 ஏப்ரல்ல லைனஸ் டோர்வால்ட்ஸ் போட்ட ஒரே கமிட்ல போய் முட்டும், 2.6.12-ஆர்சி2. அவரு அத்தனையும் எழுதினார்னு இல்ல, அதுக்கு முன்னாடி வெச்சிருந்த பிட்கீப்பர்ங்கிற டூல்ல இருந்து கிட்டுக்கு மாறினப்ப பழைய ஹிஸ்டரி 3.2 ஜிபி வருது, இப்போதைக்கு வேண்டாம்னு மெசேஜ்லயே எழுதிட்டு விட்டுட்டார். அதுக்கு முந்தினது தனி ரெப்போவா இருக்கு, கிட் ரீப்ளேஸ்ல கிராஃப்ட் போட்டு ரெண்டையும் ஒட்டினா ப்ளேம் சுவர தாண்டிப் போகும். உங்க ஆஃபீஸ்லயும் எப்பவோ சப்வெர்ஷன்ல இருந்து மாறினப்ப "இனிஷியல் இம்போர்ட்"னு ஒரு கமிட் இருந்தா இதே வைத்தியம்தான், பழைய சர்வர யாரும் நிறுத்தாம இருந்தா. இன்னொரு பக்கம், வரி ரெப்போலயே இல்லாம போகவும் வாய்ப்புண்டு. 2024 மார்ச்ல வெளிய வந்த எக்ஸ்இசட் பேக்டோர் (ஃபைல சுருக்குற ஒரு டூல்ல திருட்டுத்தனமா வெச்ச பின்வாசல்) ஞாபகம் இருக்கா, 5.6.0, 5.6.1 ரெண்டு ரிலீஸ். மறைச்சு வெச்ச சரக்கு டெஸ்ட் ஃபைல் வேஷத்துல ரெப்போல இருந்துச்சு, ஆனா அத கிளப்பி விடுற பில்ட் ஸ்க்ரிப்ட் வரி, ரிலீஸுக்குன்னு மூட்டை கட்டி குடுக்கிற டார்பால்ல மட்டும்தான். ஓடுற கோடும் ரெப்போல இருக்கிற கோடும் ஒண்ணுதானான்னு ஒரு தடவ பாத்துட்டு அப்புறம் பிக்ஆக்ஸ தூக்குங்க.

தேதியும் ஏமாத்தும். ப்ளேம் காட்டுறது எழுதின தேதி, மெயின் ப்ராஞ்ச்ல சேந்த தேதி கிடையாது. ரீபேஸ், செர்ரி-பிக்னு கமிட்ட வேற எடத்துல திரும்ப போட்டாலும் எழுதின தேதி அப்படியே கூட வரும், அதனால ஜனவரில எழுதி ஆகஸ்ட்ல மெர்ஜ் ஆன வரிய பாத்து "அப்ப ஜூன்ல வந்த பிரச்சனைக்கு இதான் காரணம்"னு குதிக்காதீங்க. எந்த ரிலீஸ்ல போச்சுன்னு தெரியணும்னா அந்த கமிட் எந்தெந்த டேக்குக்குள்ள (ரிலீஸுக்கு ஒட்டி வெக்கிற பேர்) அடங்குதுன்னு டேக் கன்டெய்ன்ஸ்ல கேளுங்க.

கிட் இல்லாதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. மெர்க்யூரியல்ல அன்னோடேட் இருக்கு, க்ரெப்ல டிஃப் ஆப்ஷன் போட்டா கிட்டத்தட்ட பிக்ஆக்ஸ். சப்வெர்ஷன்ல ப்ளேம் மட்டும்தான் உருப்படி, மெர்ஜ தாண்டிப் பாக்க சின்ன ஜி போடணும், இல்லன்னா ப்ராஞ்ச மெர்ஜ் பண்ணவர் பேர்தான் எல்லா வரிக்கும் வரும். உள்ளடக்கத்த தேடுற பிக்ஆக்ஸ் மாதிரி ஒண்ணு அதுல கிடையாது, அடிக்கடி தேடுறவங்க கிட்-எஸ்விஎன் வெச்சு ஒரு தடவ கிட்டா மாத்தி வெச்சுக்கிட்டு தேடுறது நிம்மதி.

டூலே வேண்டாம், எழுதினவர்கிட்ட நேரா கேட்டா என்ன? கேக்கலாம், சரியான கமிட்ட கைல வெச்சுக்கிட்டு கேக்கணும். "ஏங்க இந்த 37 நீங்களா போட்டீங்க"ன்னு கேட்டா யாருக்கும் ஞாபகம் வராது, கமிட் லிங்க்க அனுப்பிட்டு கேட்டா பாதி பேருக்கு பளிச்சுன்னு வந்துடும். இப்பல்லாம் ஏஐகிட்ட கோட்ட ஒட்டி "ஏன் 37"ன்னு கேக்குறாங்க. ஹிஸ்டரிய குடுக்காம கேட்டா அது அழகா ஒரு காரணம் கட்டி சொல்லும், நம்புற மாதிரியே இருக்கும், அதான் பிரச்சனை. பிக்ஆக்ஸ்ல கிடைச்ச கமிட்டெல்லாம் குடுத்து சுருக்கி சொல்லுன்னா உபயோகம்.

ஆக இன்னைக்கு என் கை போற வரிசை இதான்: வரில தனியா தெரியிற பேரோ நம்பரோ இருந்தா நேரா எஸ், ஸ்பேஸ கண்டுக்காத பேட்டர்னோட, ஃபைல் பேர் குடுக்காம. ஒரு ஃபங்ஷனோட வரலாறு வேணும்னா எல். வரி "ரிட்டர்ன் ட்ரூ" மாதிரி ஆயிரம் எடத்துல இருக்கிற சாதாரண வரின்னா எஸ் ஒண்ணும் பண்ணாது, அங்க டபிள்யூவும் ரெண்டு சியும் போட்ட ப்ளேம்தான். வரியே தெரியலன்னா பைசெக்ட். வெறும் ப்ளேம் எதுக்குன்னா, இந்த ஃபைல பத்தி இப்ப யாருக்கு தெரியும், யாருக்கு ரிவ்யூ அனுப்பலாம்னு பாக்க, அதுக்கு அத அடிச்சுக்க ஆளில்ல.

37 என்னாச்சுன்னா, 30ஐ 37 ஆக்கின அந்த கமிட்டோட மெசேஜ் "டைம்அவுட் ஃபிக்ஸ்", ரெண்டே வார்த்தை. கூட இருந்த புல் ரிக்வஸ்ட் நம்பர்ல போய் பாத்தா பதினேழு கமென்ட். எங்க சர்வருக்கு முன்னாடி நிக்கிற லோட் பேலன்சர் (வர்ற வேலைய சர்வர்களுக்கு பிரிச்சு விடுறது) 40 செகண்ட் சும்மா இருந்தா கனெக்ஷன வெட்டிடுமாம், 30 வெச்சா பெரிய ரிப்போர்ட் வர்றதுக்குள்ள நாமளே வெட்டிடுறோம், 40க்கு மேல வெச்சா அவங்க வெட்டி புரியாத எரர் வருது, அதனால மூணு செகண்ட் முன்னாடி நாமளே கௌரவமா மூடிக்கலாம்னு முடிவு பண்ணிருக்காங்க. அந்த லோட் பேலன்சர் இப்பவும் ஓடிட்டுதான் இருக்கு, 60 ஆக்கிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். தம்பிய கூப்பிட்டு காமிச்சேன், நீயே ஒரு கமென்ட் எழுதிடுன்னேன், அவன் அந்த வரி முடியிற எடத்துலயே டைப் பண்ணப் போனான். டேய் நில்லு, மேல தனி வரியா போடு, இல்லன்னா இனிமே ப்ளேம்ல 37க்கு உன் பேர்தான் வரும்.